எண்ணூர் மணலும் ஒரு சாண் ஜிகினாவும்

கிறிஸ்துமஸ் குடிலுக்கு மணல் போடுவது என்று முடிவெடுத்தது நான் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் துறைமுகத்துக்கு டிரெய்லர் லாரி ஓட்டுகிறவர். டிசம்பர் தொடக்கத்தில் ஒருநாள் எண்ணூரிலிருந்து திரும்பும்போது ஒரு சிமெண்டுச் சாக்கு நிறையக் கடற்கரை மணலை அள்ளிக்கொண்டு, ராயபுரத்தில் எங்கள் மாடிப்படி முழுக்கச் சிந்திக்கொண்டே ஏறி வந்தார். எங்கள் பக்கம் கடலோரத்தில் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். மணல் வேண்டுமானால் எண்ணூருக்குத்தான் போக வேண்டும்.

"யோவ், இன்னாயா இது?" என்றேன்.

"பெத்லகேம்னா மணல் இல்லாம இன்னாமே? மாப்ளே வந்து பாத்து அசந்துடணும்."

மாப்பிள்ளைக்காகத்தான் எல்லாம். எங்கள் ஒரே மகளைத் தூத்துக்குடியில் கட்டிக் கொடுத்து அதுதான் தலைக் கிறிஸ்துமஸ். அவர்கள் வீட்டுக் குடில் ஒரு அறையையே அடைத்துக்கொள்ளுமாம், அதில் குட்டி மோட்டார் வைத்து ஆறு ஓடுமாம். மகள் இதைப் போனில் சொல்லப்போக, வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. எனக்கும்தான் வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? காக்கிப் பேப்பரைக் கசக்கி மலை செய்தேன். ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்தவர்களை எல்லாம் "நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டு, மாதாவுக்குப் புது நீல முக்காடு தைத்தேன். யானைக்கவுனிக் கடைத்தெருவில் அலைந்து தங்க நிற ஜிகினாச் சரம் வாங்கிவந்து குடிலின் கூரையில் கட்டினேன். உள்ளே வைக்கிற சுரூபப் பொம்மைகள் எங்கள் கல்யாணத்தின்போது வாங்கியவை. மூன்று ராஜாக்களில் ஒருவருக்கு மூக்கு கிடையாது. அவரைக் கொஞ்சம் திருப்பி நிறுத்திவிட்டால் தெரியாது.

இவ்வளவும் செய்தவர்கள் வீட்டில் ஒரு பூனை இருப்பதை மறந்துவிட்டோம்.

மகள் கல்லூரியில் படிக்கும்போது காசிமேட்டு மீன் மார்க்கெட்டிலிருந்து பையில் போட்டுக்கொண்டு வந்த பூனை அது. அதற்குப் பெயர் வைக்கவில்லை. மகள் 'தங்கச்சி' என்பாள். வீட்டுக்காரர் 'மகாராணி' என்பார். நான் பால் ஊற்றும்போது 'கண்ணு' என்பேன், மற்ற நேரமெல்லாம் 'சனியன்'தான். கல்யாணம் முடிந்து வண்டி ஏறும்போது என் மகள் என்னைக் கட்டிக்கொண்டு அழுததைவிட அதைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுததுதான் அதிகம். "என் தங்கச்சிய உன்ன நம்பித்தான்மா வுட்டுட்டுப் போறேன்" என்றாள். எனக்குக் கோபமாகத்தான் வந்தது. ஆனால் அந்த வார்த்தை மனதில் உட்கார்ந்துகொண்டது.

குடில் வைத்த மறுநாள் காலையில் எழுந்து பார்க்கிறேன், ஒட்டகத்துக்குப் பக்கத்தில் ஒரு குழி. குழிக்கு மேல் ஒரு சின்ன மேடு. நாற்றம் வீட்டைத் தூக்கியது. மெத்துமெத்தென்று கடற்கரை மணலை வீட்டுக்குள் பரப்பி வைத்தால் பூனை வேறு என்ன நினைக்கும்? நமக்காகத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டது.

"இந்த மண்ண முதல்ல கொண்டுபோய்க் கொட்டுயா!" என்று கத்தினேன்.

"ஒட்டகம் போட்ச்சுனு நெனச்சிக்கோயேன்" என்றார் மனுஷன், பல் விளக்கிக்கொண்டே.

அன்றிலிருந்து எனக்கும் பூனைக்கும் போர். சாத்துக்குடித் தோலைச் சுற்றிவரப் போட்டேன். அந்த வாசனை பூனைக்கு ஆகாது என்று யூடியூபில் ஒரு பெண் சத்தியம் செய்தாள். எங்கள் பூனை அதன் மேலேயே படுத்துத் தூங்கியது. இஸ்திரி போடுகிற தண்ணீர் ஸ்பிரேயை எடுத்து அடித்தேன். முதல் இரண்டு முறை ஓடியது, பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தது. சீரியல் பல்பு ஒயரைக் கடிக்கப்போகிறது என்று அந்த ஒயரைத் தண்ணீர் விடும் ஓஸ் குழாய்க்குள் நுழைத்துவிட்டார் வீட்டுக்காரர். கடைசியில் பரண் மேலிருந்த கொசுவலையை இறக்கிக் குடில் முழுக்கப் போர்த்தி, ஓரங்களில் துணி வெட்டும் கத்தரிக்கோல், தையல் மிஷின் மூடி, செங்கல் எல்லாம் வைத்து அழுத்தினேன். ஜாக்கெட் வாங்க வந்த எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன், பாலனுக்கு டெங்கு வந்துடும்னு பயமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். தொட்டிலோ காலி. பாலன் இயேசு சுரூபத்தை இருபத்துநாலாம் தேதி ராத்திரிப் பூசைக்குப் பிறகுதானே வைப்போம்! அதையும் சேர்த்துத்தான் சிரிக்கிறார் என்று எனக்கு இன்னும் எரிச்சல்.

தினமும் ஒரு தடவையாவது "மண்ணக் கொட்டுயா" என்பேன். தினமும் ஒரு தடவை அவர் "பூனைய வேணா கொட்டு, மண்ணு கெடக்கட்டும்" என்பார். ஒரு தடவை சாக்கையும் முறத்தையும் எடுத்துக்கொண்டு நானே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு அவர் முகம் போன போக்கைப் பார்த்து விட்டுவிட்டேன். அப்படி விட்டதற்கு இப்போது மாதாவுக்கு நன்றி சொல்கிறேன்.

மகளும் மாப்பிள்ளையும் ரயில் ஏற வேண்டிய நாள். காலையில் ஒரு பல்பு எரியவில்லை என்று வீட்டுக்காரர் கொசுவலையைத் தூக்கிவிட்டுக் கையை விட்டு நோண்டினார். அப்புறம் டெஸ்டர் வாங்கக் கீழே போனார். வலையை மறுபடி மூடினாரா? மூடவில்லை. நான் சமையல்கட்டிலிருந்து கை துடைத்துக்கொண்டு வருகிறேன், பூனை மலை மேல் உட்கார்ந்திருக்கிறது. வாயிலிருந்து தங்கக் கலரில் ஒரு வால் தொங்குகிறது. "ஏய்!" என்று நான் கத்த, அது சேமியாவை உறிஞ்சுவதுபோல ஒரே இழுப்பில் உள்ளே இழுத்துவிட்டது. வாயைப் பிளந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. என் கையில் நாலு கீறல்தான் மிச்சம்.

இத்தனை வருடம் என் தையல் மிஷினுக்குக் கீழேயே வளர்ந்த பூனை. நூல்கண்டு, லேஸ், ஊக்கு எதையும் தொட்டதில்லை. அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது டேப்பை எடுத்துச் சரத்தில் மிச்சமிருப்பதை அளந்தேன். ஒரு சாண் குறைந்தது.

வீட்டுக்காரர் திரும்பியதும் மீன் கூடையில் பூனையைப் போட்டு மூடிக்கொண்டு, ஆட்டோ பிடித்துப் பெரம்பூரில் ஒரு கால்நடை டாக்டரிடம் போனோம். சின்ன வயசுப் பெண். வயிற்றை அழுத்திப் பார்த்தார், நாக்குக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"துண்டா எதையாவது முழுங்கியிருந்தா இவ்வளவு பயப்பட வேண்டாம்மா. நூல் மாதிரி நீளமா போறதுதான் ஆபத்து. ஒரு முனை எங்கயாவது மாட்டிக்கிட்டா, குடல் அப்படியே சுருங்கிடும்" என்று விரல்களை மடக்கிக் காட்டினார்.

"பாவாட நாடா இழுத்தா மாதிரியா?" என்று கேட்டேன்.

"கரெக்டா அப்படித்தான்."

பாவாடைக்கு நாடா கோத்தே வாழ்க்கையை ஓட்டியவள் நான். நாடாவை இழுத்தால் துணி எப்படிக் கொசகொசவென்று சுருங்கும் என்று எனக்குத் தெரியாதா? அந்தச் சின்ன வயிற்றுக்குள் அது நடப்பதை நினைத்தேன். என் நினைப்பு மூலக்கொத்தளம் சுடுகாடு வரைக்கும் போய்விட்டுத் திரும்பியது.

வாந்தி எடுத்தால், சாப்பாட்டை அடியோடு விட்டால் உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர். நன்றாக இருந்தால் அதுவாகவே வெளியே வர வாய்ப்பு உண்டு, வெளிக்குப் போவதை எல்லாம் கிளறிப் பாருங்கள், பாதி வந்து தொங்கினால் மட்டும் கை வைத்து இழுத்துவிடாதீர்கள் என்றார். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம். வரலன்னா கொண்டாங்க, வயித்தைத் திறந்துதான் ஆகணும்."

வழக்கமாக அது மொட்டைமாடிப் பூந்தொட்டிகளுக்குப் போய்விட்டு வரும். அன்றைக்குக் கதவைச் சாத்திப் பூட்டினேன், குடில் மேல் கொசுவலையையும் இழுத்து மூடினேன். பிளாஸ்டிக் டப்பில் மரத்தூள் போட்டு வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மியது. பேப்பரைக் கிழித்துப் போட்டேன், அதன் மேல் ஏறி விளையாடியது. எதிர்வீட்டு அக்கா விளக்கெண்ணெய் பாட்டிலோடு வந்தார். டாக்டர் எதுவும் ஊற்றக்கூடாது என்றிருக்கிறார் என்று சொல்லி அனுப்பினேன். சாப்பிட்டது, அதுவரை ஆறுதல். ஆனால் வெளிக்குப் போகவே இல்லை.

மறுநாள் காலை வீட்டுக்காரருக்கு வண்டி இருந்தது. வேறு வழியில்லாமல் கிளம்பினார். வைத்த மத்திமீனில் பாதியை விட்டுவிட்டுப் பூனை மிஷினுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டது. அந்த நேரம் பார்த்து மகளும் மாப்பிள்ளையும் வந்து நின்றார்கள். "எங்கம்மா என் தங்கச்சி?" என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். நான் பேச ஆரம்பித்தேன், அழுகைதான் வந்தது. விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"போன்ல சொல்லியிருக்கலாம்லமா? உன்ன நம்பித்தான வுட்டுட்டுப் போனேன்?"

நாலு பேச்சுக்கு எட்டுப் பேச்சு பேசுகிறவள், மிஷினுக்கு அடியில் குனிந்து பூனையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை கையில் பெட்டியோடும் மக்ரூன் டப்பாவோடும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். தலைக் கிறிஸ்துமஸுக்கு வந்த மனுஷனுக்கு ஒரு வாய் காபி கொடுக்கவில்லை. பூனை வெளிக்குப் போகாத கதையைக் கொடுத்திருக்கிறேன். அவர் பெட்டியை மெதுவாக வைத்துவிட்டு, "இவ்வளவு நேரமா போகவே இல்லையா அத்தை?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்காரர் துறைமுக வாசலில் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு நிமிஷத்துக்கு ஒரு போன் போட்டார். "இன்னாமே, போச்சா?" இல்லை. "இப்ப?" இல்லைய்யா! "கொஞ்சம் நடக்க வுடேன்." வண்டியில் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டுதான் பேசுவார். முன்னாலும் பின்னாலும் நின்ற டிரைவர்கள் அத்தனை பேருக்கும் எங்கள் பூனையின் வயிற்று நிலவரம் தெரியும்.

மத்தியானம் தாண்டியது. மூன்று பேரும் சாப்பிடாமல் பூனையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது எழுந்தது. டப்பைத் தாண்டி, பேப்பரைத் தாண்டி நேராகப் போய்க் கொசுவலைக்கு முன்னால் உட்கார்ந்து, உள்ளே மணலைப் பார்த்து, ஈனக்குரலில் ஒரு தடவை கத்தியது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தது. ஸ்பிரே அடிப்பேன் என்று பயம் அதற்கு. அட பாவி, நானே பழக்கி வைத்த பயம்.

"எழுந்திருங்க" என்றேன். "குடில எடுங்க."

"அம்மா, இன்னிக்கு ராத்திரி கிறிஸ்துமஸ்மா!"

"அதனாலதாண்டி சொல்றேன். எடு!"

கொசுவலையை உருவி எறிந்தேன். முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஒவ்வொரு சுரூபமாக எடுத்து நீட்ட, மாப்பிள்ளை வாங்கி வாங்கி பிரிட்ஜ் மேல் நிறுத்தினார். மாதா, சூசையப்பர், சிறகு வைத்த சம்மனசு, இடையர்கள், மூக்கில்லாத ராஜா. "கோவிச்சுக்காத தாயே, இதுவும் ஒரு பிள்ளைதான்" என்று மாதாவிடம் சொன்னேன். வாய்க்குள் சொன்னதாகத்தான் நினைத்தேன், இருவருக்கும் கேட்டிருக்கிறது. தொட்டிலை எடுத்தேன், மலையை எடுத்தேன். கடைசியில் வெறும் எண்ணூர் மணல்தான் கிடந்தது.

"போ கண்ணு" என்றேன். "போடி ராசாத்தி. உனக்குத்தான். எவ்ளோ வேணா போ."

நம்பாமல் ஒரு காலை வைத்தது. பிறகு இன்னொரு கால். சுற்றி ஒரு வலம் வந்தது, சரியாகத் தொட்டில் இருந்த இடத்தில் பறிக்க ஆரம்பித்தது. "யாரும் பாக்காதீங்க, அதுக்கு வெக்கமா இருக்கும்" என்றாள் மகள். தூத்துக்குடி மாப்பிள்ளையும் நானும் அவளும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம். நான் மாதாவின் அருள்நிறை மந்திரத்தைப் பாதியில் மறந்து மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

மணல் மூடும் சத்தம் கேட்டது. முதலில் திரும்பியவர் மாப்பிள்ளை. போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு, ஊதுவத்திக் குச்சி ஒன்றால் குனிந்து கிளறினார்.

"அத்தை! வந்துட்டு! தங்கமா மின்னுது பாருங்க, முழுசா வந்துட்டு!"

நானும் குனிந்தேன். நானே டேப் வைத்து அளந்தேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் அளந்தேன். ஒரு சாண். "மாதாவே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மகள் பூனையைத் தூக்கி முத்தம் கொடுத்துவிட்டு, அதே வாயோடு என்னையும் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள். "சாரிமா, சாரிமா" என்றாள். மாப்பிள்ளை ஊதுவத்திக் குச்சியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காலையிலிருந்து அந்த மனுஷன் சிரித்து அப்போதுதான் பார்க்கிறேன்.

போன் அடித்தது. "இன்னாமே, போச்சா?"

"போச்சுய்யா! முழுசா வந்துடுச்சுய்யா!"

அந்தப் பக்கம் லாரி ஹாரன் அலறியது. அவருடையது மட்டுமில்லை, பின்னாலேயே இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. வரிசை முழுக்க அடித்தார்கள்.

டாக்டருக்குப் போன் செய்து சொன்னோம், இனி பயமில்லை என்றார். பூனை மிச்ச மத்தியைத் தின்றது. மணலை வாரிச் சாக்கில் கட்டிக் கீழே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, தரையைக் கழுவி, என் ஜாக்கெட் துண்டுத் துணிகளை மகளும் மாப்பிள்ளையும் பரப்பிக் குடிலை மறுபடி வைத்தார்கள். ஜிகினா கட்டவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டுக்காரர் ஓடிவந்து, பூனையைத் தூக்கிக் கொஞ்சி, மாப்பிள்ளை கையைக் குலுக்கி, அப்புறம்தான் குடிலைப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. "என் மண்ணு எங்கமே?"

இத்தனை நாள் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர், இன்னொன்று விழப்போகிறது என்று தயாராக நின்றார். மகள் என்னைப் பார்த்தாள். நான் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

"கொட்டியாச்சி" என்றேன். "அடுத்த வருஷம் ரெண்டு மூட்டையா கொண்டாயா."