நாற்காலி போடுபவர் குடித்த தேநீர்

மாலை நாலு இருபதுக்கு என் மகளின் போன் அணைந்தது. கொல்கத்தாவின் கரியாஹாட்டில் டியூஷன் முடிந்து அவள் நேராக லேக் மார்க்கெட் வர வேண்டும். அங்கே ஒரு வீட்டு மாடியில் மாதம் ஒரு ஞாயிறு பல மொழிக்காரர்கள் கூடி, அவரவர் மொழியில் எழுதியதை வாசிப்போம். அன்று தமிழுக்கு அவள் பெயரைக் கொடுத்தது நான்தான்.

ஐந்தரை ஆகியும் அவள் வரவில்லை. மற்றவர்கள் சிங்காடா என்ற வங்காளச் சமோசாவைக் கடித்தபடி மொழிபெயர்ப்பைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்கு நாற்காலி போடும் வங்காளி மனிதர், மஃப்ளரும் தடித்த கண்ணாடியுமாக, தேநீர் குடிக்க ஓயாமல் கீழே போய் வந்தார். வரும்போதெல்லாம் என்னிடம், "ஆஷ்பே திதி, வந்துவிடுவாள் அக்கா" என்றார்.

"நான் போலீசுக்குப் போகணும்னு தவிக்கிறேன், உங்களுக்கு டீ கேக்குதா?" என்று இந்தியில் கத்திவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு மறுபடியும் கீழே போனார்.

ஆறு மணிக்கு மகள் மண்குவளையோடு படியேறி வந்தாள்.

"பின்னாடி டீக்கடையிலதாம்மா இருந்தேன். என் தமிழைக் கேட்டுச் சிரிப்பாங்கன்னு பயம். நாற்காலி போடுற இந்தக் காக்கு மாமாவுக்குத்தான் நாலு தடவை படிச்சுக் காட்டினேன். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

ஒரு தாயை அப்படித் தவிக்கவிட்டவர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அவரை வெறுக்கவும் முடியவில்லை.

"அவருக்குத் தமிழே தெரியாதேடி!"

"தெரியாதுதான். ஆனா நாலு தடவையும் கடைசிவரைக்கும் கேட்டாரு. நீ ஒரு தடவையாவது நடுவுல திருத்தாம கேட்டிருக்கியாம்மா?"