அம்மா கன்னத்துப் பொருக்கு

என் அம்மாவின் கன்னங்களில் இருந்தவை தழும்புகள் என்பது பத்து வயது வரை எனக்குத் தெரியாது. கல்லூரிக் காலத்தில் வந்த பருக்கள் விட்டுப்போன குழிகள் அவை. பிறந்தது முதல் நான் பார்த்து வந்த முகம் என்பதால், அம்மா என்றால் கன்னம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். தூக்கம் வராதபோது அந்தக் குழிகளில் விரலை வைத்துத் தடவிக்கொண்டிருப்பேன். கூசுகிறது என்று அம்மா தட்டிவிடுவாள்.

அப்போது நாங்கள் புனேயில், வானவடியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை. அம்மா மகர்பட்டாவில் ஒரு வங்கிக் கிளைக்குப் போய்வந்தாள். முகத்தில் ஆபரேஷன் செய்துகொள்ளப் போவதாக ஒருநாள் அவள் சொன்னபோது, அப்பா தட்டிலிருந்து நிமிர்ந்து அவள் முகத்தை முதன்முறை பார்ப்பவர்போலப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. நல்லாத்தான இருக்கு."

"உங்களுக்குத் தெரியலன்னா ஆச்சா? தெனமும் கண்ணாடி பாக்குறது நான்லா" என்றாள் அம்மா.

பாளையங்கோட்டையிலிருந்து பெரியம்மா போன் செய்து, பெண் வளர்ந்து நிற்கிற வயதில் உனக்கு எதற்கு இந்த வேலை என்று அரைமணி நேரம் பேசினாள். அம்மா போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். அதுவரை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த அப்பா, பெரியம்மா எதிர்த்ததும் கட்சி மாறிவிட்டார். சின்னச் சக்கரம் வைத்த மெஷினால் மேல்தோலை இழைத்து எடுத்துவிடுவார்கள், அடியிலிருந்து புதுத்தோல் வரும் என்று ஏதோ தானே செய்யப் போகிறவர்போல விளக்கினார். வெயில் படக்கூடாது என்பதால் மழைக்காலத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் ஜூலையில் நாள் குறித்துக் கொடுத்திருந்தார்.

அந்த வாரம் கீழ்வீட்டில் தச்சர் ஒருவர் அலமாரி செய்துகொண்டிருந்தார். பள்ளிவிட்டு வரும்போது நின்று பார்ப்பேன். உப்புத்தாளை வைத்துத் தேய்க்கத் தேய்க்கப் பழைய பலகையின் கோடுகளும் கறைகளும் தூளாகப் பறந்து, அடியிலிருந்து வெளிறிய வேறொரு பலகை வந்தது. அம்மாவின் முகத்துக்கு அடியிலும் ஒரு முகம் இருக்கும், அது யாருடையதாக இருக்கும் என்று யாரையும் கேட்க முடியவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து அவளுடைய பாஸ்போர்ட் அளவு போட்டோ ஒன்றை எடுத்துப் பூகோளப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்தேன். வருகிறவளைச் சரிபார்க்க ஏதாவது வேண்டுமே.

ஆபரேஷன் நாளில் என்னை, காக்கூ என்று நான் கூப்பிடும் எதிர்வீட்டு மராத்தி அத்தையிடம் விட்டுவிட்டுப் போனார்கள். அவள் எனக்கு அவல் போஹா கொடுத்து, பயப்படாதே, உன் அம்மா அழகாகத் திரும்பி வருவாள் என்று மராத்தியில் ஆறுதல் சொன்னாள். எனக்கிருந்த பயமே அதுதான்.

மறுநாள் மாலை அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினாள். முகம் முழுக்கக் கட்டு. கண், மூக்கு, வாய் மட்டும் தெரிந்தன. போட்டோவை எடுத்துப் பார்த்தேன். கண்கள் சரியாக இருந்தன. குரலில்தான் சந்தேகம். கன்னம் அசையக்கூடாது, சிரிக்கக்கூடாது என்று சொல்லியிருந்ததால் உதட்டைத் திறக்காமலே பேசினாள். யாரோ உள்ளே ஒளிந்துகொண்டு பேசுவதுபோல இருந்தது.

நான்காம் நாள் கட்டுப் பிரித்தார்கள். பள்ளிப் பையோடு அறைக்குள் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். இரண்டு கன்னங்களும் தோலுரித்த தக்காளிபோலச் சிவந்து, மஞ்சளாக நீர் கசிந்துகொண்டிருந்தன. அம்மா கையை நீட்டி, "வாட்டி இங்க" என்றாள். வீட்டுப்பாடம் நிறைய இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஹாலுக்கு ஓடினேன். அதன்பிறகு அவள் கூப்பிடவில்லை. தண்ணீர் கேட்டால் பாட்டிலைக் கட்டிலின் ஓரத்தில், கை எட்டும் தூரத்தில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். இரவில் ஹாலில் அப்பாவோடு படுத்துக்கொண்டேன்.

பிறகு கசிவு நின்று பொருக்குக் கட்டியது. அது தானாக உதிர வேண்டும், கை வைத்தால் கறுத்துத் தழும்பாகிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அரிப்பு தாங்காமல் அம்மா தூக்கத்தில் சொறிந்துவிடுவாளோ என்று அப்பாவுக்குக் கவலை. நான் பள்ளிவிட்டு வந்தபிறகு, மத்தியானம் அவள் தூங்கும்போது பார்த்துக்கொள்ளும் வேலையை என்னிடம் விட்டுவிட்டு அலுவலகம் போனார். நான் நாற்காலியை அறைக்குள் போடாமல் வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

ஒன்பதாம் நாள் நல்ல மழை. உலராத துணிகள் வீடெங்கும் தொங்கிக்கொண்டிருந்தன. அம்மா மல்லாந்து படுத்திருந்தாள். இடது கன்னத்தில், காதுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பொருக்கின் ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. வாசலிலிருந்தே எனக்குத் தெரிந்தது. அதற்கு அடியில் குழி இருந்தால் இவள் என் அம்மா. அந்த நினைப்பு வந்தபிறகு என்னால் உட்கார முடியவில்லை.

கட்டிலருகே போய் மண்டியிட்டேன். மருந்து வாடைக்கு அடியில் அம்மாவின் தலையெண்ணெய் வாசனை வந்தது. அந்த ஓரத்தை நகத்தால் பிடித்தேன். முதலில் ஸ்டிக்கர்போல எளிதாக வந்தது. பிறகு எங்கோ பிடித்துக்கொண்டது. இழுத்துவிட்டேன். அடியில் இளஞ்சிவப்பாக, வழவழவென்று, எனக்குத் தெரியாத ஓர் இடம். அதிலிருந்து ஒரு பொட்டு ரத்தம் கிளம்பிப் பெரிதானது.

அம்மா அசையவில்லை. மூச்சு ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. கண்ணோரத்திலிருந்து மட்டும் ஏதோ வழிந்து காதுப் பக்கம் ஓடியது. களிம்பு உருகுகிறது என்று நினைத்தேன். பாத்ரூமுக்கு ஓடிப் பொருக்கைத் தண்ணீரில் விட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன். திரும்பி வந்தபோது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

மறுநாள் டாக்டரிடம் போகும்போது என்னையும் அழைத்துப் போனார்கள். அவர் அந்த இடத்தைப் பார்த்ததும் இந்தியில் அம்மாவைத் திட்டினார். படித்தவர், வங்கியில் வேலை செய்கிறவர், இதுகூடத் தெரியாதா, இனி அங்கே அடையாளம் நின்றாலும் நிற்கும் என்றார். அப்பாவும் ஏதோ முணுமுணுத்தார். நான் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, அம்மா என் பக்கம் திரும்பிவிடக் கூடாதே என்று தரையைப் பார்த்து நின்றேன். தூக்கத்தில் கை போய்விட்டது என்று அம்மா இந்தியில் சொன்னாள். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

கன்னங்களின் சிவப்பு அடங்கத் தீபாவளி தாண்டிவிட்டது. குழிகளில் பாதி போயிற்று, மீதி ஆழம் குறைந்து நின்றன. பெரியம்மா வீடியோ காலில் உற்றுப்பார்த்து, இதற்கா இவ்வளவு பாடு என்றாள். அம்மாவுக்கு அந்த அளவே போதுமானதாக இருந்தது. புதுப் புடவை கட்டிக்கொண்டு வங்கிக்குப் போனாள். காதுக்கு முன்னால் மிளகளவில் ஒரு கறுப்பு மட்டும் தங்கிவிட்டது. அதைப் பார்க்காமலிருக்க நான் எப்போதும் அம்மாவுக்கு வலப்பக்கமே உட்காருவேன்.

போன வருடம் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தபோதுதான் அதைச் சொன்னேன். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் திக்கித் திக்கி முடிக்கும்வரை கையை நிறுத்தவில்லை.

"நான் எங்கட்டி தூங்குனேன்? முழிச்சுத்தான் கெடந்தேன்."

ஏன் என் கையைத் தட்டிவிடவில்லை என்று கேட்டேன்.

"ஒம்பது நாளா நீ கிட்டயே வரலைலா. அன்னைக்குத்தான் வந்த."

பச்சைப் புண்ணில் நகம் பட்டால் எப்படி இருக்கும் என்று பத்து வயதில் எனக்குத் தெரியாது. அதைத் தாங்கிக்கொண்டு, மூச்சைக்கூட மாற்றாமல் ஒருத்தியால் தூங்குவதுபோலக் கிடக்க முடியும் என்பதும் தெரியாது. அம்மா நன்றாகத் தூங்குகிறாள், தப்பித்தேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.