சக்கரத்துக்கு மட்டும் புதுத்தண்ணீர்

பழைய வேட்டியை வெந்நீரில் போட்டால் ஒரு வாசனை கிளம்பும்... கஞ்சியும் நீலமும் கலந்த வாசனை. இந்த வயதிலும் அது மூக்கை விட்டுப் போகவில்லை.

நான் வேலை பார்த்த வீட்டு ஐயா கட்டிக் கழித்த வேட்டிகள்தான் எனக்குக் கார் துடைக்கும் துணி. எடுத்தவுடன் துடைத்துவிட முடியாது. கஞ்சி போக அலசி அலசி, கன்றுக்குட்டிக் காது மாதிரி மெத்தென்று ஆன பிறகுதான் வண்டியில் வைப்பேன்.

எனக்கு எழுத்து தெரியாது. பேரன் போனைக் கையில் கொடுத்துப் பேசச் சொன்னான்... அதுவே எழுதிக்கொள்ளுமாம். யாராவது படித்தால் சரி.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பண்ணை வீடு. ஓட்டுவதற்கு அந்தோணி என்று ஒரு டிரைவர். கழுவுவதற்கு நான்.

அறுவடை நாளில் ரோட்டில் கதிரைப் பரப்பியிருப்பார்கள், போகிற வண்டி மிதித்துக் கொடுக்கட்டும் என்று. அதில் ஓடி வந்த கார் மேலெல்லாம் உமியும் சுணையும் ஒட்டியிருக்கும். அப்படியே துணி போட்டு இழுத்தால் போச்சு... பெயின்ட்டில் கோடு விழும். முதலில் மேலிருந்து தண்ணீரை விட்டு, அழுக்கு தானாக இறங்கட்டும் என்று நிற்பேன். கூரையில் ஆரம்பித்துக் கீழே வருவேன். வட்டமாகச் சுற்ற மாட்டேன், நேராக ஒரே இழுப்பு. சக்கரத்துக்கு வேறு துணி, வேறு வாளி. தரையில் விழுந்த துணி திரும்ப வண்டிக்கு வராது. அரைஞாணில் தொங்கும் சாவியைக்கூட அவிழ்த்து வைத்துவிட்டுத்தான் கிட்டே போவேன்.

கலியபெருமாள் துடைத்தால் காரில் முகம் பார்த்துச் சவரம் பண்ணிக்கொள்ளலாம் என்று வருகிறவர்களிடம் ஐயாவே சொல்வார். அந்த ஒரு பேச்சில்தான் நான் அந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடந்தேன்.

ஐயா மகளை மயிலாடுதுறையில் கட்டிக் கொடுத்தார். மாப்பிள்ளைக்குக் கார் தருவதாகப் பேச்சு. தலை ஆடிக்கு, பதினெட்டாம் பெருக்கு அன்று, சம்பந்தி முன்னால் சாவியைக் கொடுப்பதாக ஏற்பாடு.

புது வண்டி வந்து இறங்கியது. நாவல்பழம் மாதிரிக் கறுப்பு. பெருக்கன்று காலையில் கிணற்றுத் தண்ணீரில் கழுவித் துடைத்து மாலை போட்டேன். அந்தோணி படித்துறைக்கு ஓட்டிப் போனான். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அந்த வருஷம் ஆறு இரு கரையும் தொட்டுப் போயிற்று. டீ நிறத்தில் புதுத்தண்ணீர். வண்டலும் பொடிமணலும் சுழித்துக்கொண்டு வந்தன. பெண்கள் காப்பரிசி படைத்து மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஐயாவுக்கு மனசு பொங்கிவிட்டது. பித்தளைச் செம்பில் ஆற்றுத் தண்ணீரை மொண்டுகொண்டு காரிடம் வந்தார்.

எனக்குப் பதறியது. கிட்டப் போய் மெதுவாகத்தான் சொன்னேன்.

"ஐயா, ஆத்துத் தண்ணி வேணாங்க. மண்ணு கலந்து வருதுங்க. கீறிடும்."

அவர் சம்பந்தி பக்கம் பார்த்துச் சிரித்தார். "கேட்டீங்களா... காவேரித் தாய் கீறுவாளாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் ஒதுங்கிக்கொண்டேன்.

ஊற்றினார். தோளில் கிடந்த ஜரிகை அங்கவஸ்திரத்தை எடுத்து, பானெட்டை வட்டம் வட்டமாகத் தேய்த்தார். பின்னாலேயே மச்சினர்கள், ஆளுக்கொரு செம்பு, ஆளுக்கொரு துண்டு. மணல் நெரிகிற சத்தம் எனக்குக் கேட்டது... பல் கூசியது.

வெயில் ஏறி வண்டி காய்ந்ததும் தெரிந்தது. பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரிக் கீறல்.

சம்பந்தி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "என்னங்க இது... ஓடின வண்டியப் பாலிஷ் போட்டுக் குடுத்தாப்புல இருக்கு."

ஐயா முகம் சுண்டிவிட்டது. புதுப்பெண் தலை குனிந்துகொண்டது. ஐயா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார்... கண் என் மேல் வந்து நின்றது.

"புது வண்டிதாங்க. இந்தப் பய காலைல தொடைச்சான். மம்பட்டி புடிக்கிற கை... அதுக்கு என்ன தெரியும்?"

அந்த ஜரிகைத் துண்டு அப்போதும் அவர் கையில்தான் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் அந்தோணியைப் பார்த்தேன். அவன் ஆற்றைப் பார்த்தான். பிள்ளைகுட்டிக்காரன், அவனைச் சொல்லி என்ன... ஆனாலும் மறக்கவில்லை.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் ஐயா. அவ்வளவுதான்.

பிறகு டாக்டர் வீட்டில் கார் துடைக்கும் வேலை கேட்டேன். ரைஸ்மில் முதலாளி வீட்டில் கேட்டேன். புது வண்டியைக் கீறின ஆளா என்றார்கள். எனக்கு முன்னால் அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்திருந்தது. காரைத் தொட விடாத அதே முதலாளியின் மில்லில் மூட்டை தூக்கினேன், இடுப்பு விட்டுப்போகும் வரை.

என் கைதான் கீறியது என்று ஐயா நிஜமாகவே நம்பிவிட்டார் போலிருக்கிறது... அப்படி நினைத்துத்தான் மனசை ஆற்றிக்கொண்டிருந்தேன். ரொம்ப வருஷம் கழித்து அந்தோணியைக் கடைத்தெருவில் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தான். பேச்சோடு பேச்சாகச் சொன்னான்.

"ஒனக்குத் தெரியுமா... அடுத்த ஆடியிலேருந்து ஐயா எந்த வண்டி மேலயும் ஆத்துத் தண்ணி ஊத்த விடறதில்ல. சக்கரத்துக்கு மட்டும் ஒரு செம்பு. அதோட சரி."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

இப்போது என் மகன் ஒரு கார் வைத்திருக்கிறான். போன வாரம் ரோட்டோர வாட்டர் சர்வீஸுக்கு என்னையும் கூட்டிப்போனான். நுரையை அடிக்கிறார்கள். சக்கரத்தைத் தேய்த்த பஞ்சாலேயே கூரையையும் தேய்க்கிறார்கள். கீறுகிறதே தம்பி என்றேன். அதெல்லாம் ஒன்றுமில்லை தாத்தா என்று அங்கே வேலை செய்த பையன் ஒரு பாலிஷ் மிஷினை எடுத்து அந்த இடத்தில் சுற்றினான். கீறல் போன இடம் தெரியவில்லை. டீ குடித்து முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

திரும்பி வரும்போது, ஏன் பேசாமல் வருகிறீர்கள் என்று மகன் கேட்டான்.

"இடுப்பு வலிக்குதுப்பா" என்றேன்.