பெயர் சொல்லாத அறிவித்தல்

நான் கல்முனையில் ஸ்பீக்கர் கட்டிய காரில் அறிவித்தல் சொல்லிப் பிழைத்தவன். மலிவு விற்பனையா, கூட்டமா, மௌத்தா, எல்லாவற்றுக்கும் ஊரில் ஒரே குரல்தான், அது என்னுடையது. விற்பனை என்றால் பாட்டுப் போட்டுக் கத்துவேன். மௌத்து, அதாவது சாவு என்றால் பாட்டு இல்லை. காரை ஊர விட்டு, குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்திச் சொல்வேன். பக்கத்து ஊரான சாய்ந்தமருது வரைக்கும் என் குரல் தெரியாத வீடு கிடையாது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது, மறைப்பானேன்?

எண்பதுகளின் நடுவில் டிவியில் ஒரு சிங்கள நாடகம் வாரத்துக்கு ஒருநாள் போனது. கொழும்பில் ஒரு விளம்பரக் கம்பெனி. அங்கே படித்த ஆண்களும் பெண்களும் உடுப்புக் கழுவும் சவர்க்காரக் கட்டி ஒன்றை நடுவில் வைத்துக்கொண்டு, ஏதோ சீதனக் காணியைப் பிரிப்பவர்கள் மாதிரிச் சண்டை பிடிப்பார்கள். எங்கள் தெருவில் டிவி இருந்தது துணிக்கடை முதலாளியின் வீட்டில்தான். அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு ஆண்கள் முன்னறையில் பாய் விரித்து உட்காருவோம், பெண்கள் சீலைத் திரைக்குப் பின்னால். படத்தில் பாதி வெறும் புள்ளி. ஒருவர் மாறி ஒருவர் முற்றத்துக்குப் போய் அன்டெனாக் குழாயைத் திருப்புவோம்.

நாடகம் முடிந்த மறுநாள் தேத்தண்ணிக்கடையில் வேறு பேச்சு இருக்காது. நாடகத்தில் வரும் கட்டை முடிக்காரி எழுதிய விளம்பர வாசகத்தை மனேஜர் திருடினானா, இல்லை அவளே விட்டுக் கொடுத்தாளா? அவள் படம் கீறுகிறவனைக் கட்டுவாளா? மீன் வியாபாரி ஒருவர் அவளுக்காக வாதாடி, மனேஜர் பக்கம் நின்ற சொந்தத் தம்பியோடு இரண்டு நாள் கதைக்காமலும் இருந்தார். அவ்வளவு பைத்தியம்.

விளம்பரம் என்றால் இந்த ஊரில் நான்தானே. என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள் என்று பிளேன்டியை ஆற வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கேட்டது அவனிடம்.

அவன் என் மாமி மகன், எனக்கு மச்சான். சின்ன வயதிலேயே கொழும்புக்குப் போய் வளர்ந்தவன், அங்கே உண்மையான விளம்பரக் கம்பெனி ஒன்றில் மூன்று வருஷம் பைல் தூக்கிவிட்டு வந்திருந்தான். பைல் தூக்கினவன், அவ்வளவுதான். ஆனால் சிங்களம் தெரியும். நாடகம் போகும்போது மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவான், எல்லோரும் திரையை விட்டுவிட்டு அவன் வாயைப் பார்ப்பார்கள். நான் அவனைக் கொழும்பான் என்றுதான் சொல்வேன், அவன் இல்லாத இடத்தில்.

எல்லாவற்றையும் பொறுக்கலாம். என் பெண்சாதியும் வீட்டுக்கு வந்து அவன் விளக்கத்தையே சொல்லுவாள். மனேஜர் ஏன் அப்படிச் செய்தான் என்று அவர் சொன்னாரே, நீங்கள் கேட்கவில்லையா என்பாள். சோற்றைப் பிசைந்துகொண்டு, கேட்டேன் கேட்டேன் என்பேன்.

ஒரு வாரம் நாடகத்தில் புதுத் தந்திரம் ஒன்று வந்தது. கொழும்பு முழுக்கப் பலகை அடித்து, அதில் ஒரு திகதி மட்டும் எழுதிவிட்டார்கள். என்ன சாமான், எந்தக் கடை, ஒன்றும் இல்லை. நகரமே தலையைப் பிய்த்துக்கொண்டது. மறுநாள் தேத்தண்ணிக்கடை இரண்டாகப் பிரிந்து நின்றது. இது விசர் வேலை என்றார்கள் பாதிப் பேர். பெயரை ஒளித்தால்தான் சனம் தேடும் என்று அவன் விளக்கினான். முதலாளியும் அங்கே இருந்தார். அவர் கண் விரிந்ததை நான் பார்த்தேன். ஹஜ்ஜுப் பெருநாள் விற்பனைக்கான அறிவித்தலை அவர் அவன் கையில் கொடுத்தார். பத்து வருஷமாக அது என் வேலை. இப்போது எழுதுவது அவன், நான் வெறும் தொண்டை.

அவன் கொண்டுவந்த தாளில் ஒரேயொரு வரி இருந்தது: அன்பார்ந்த சகோதர சகோதரிகளே, நாளை காலை ஒன்பது மணிக்கு. அதோடு நிறுத்த வேண்டும். பாட்டு வேண்டாம், கத்த வேண்டாம், கார் மெதுவாகப் போகட்டும் என்றான்.

"எப்பிடி மச்சான், சரிவருமா?" என்று கேட்டான். மெய்யாகவே என் புத்தியைத்தான் கேட்டான்.

எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் பாட்டில்லாமல், தாழ்ந்த குரலில், ஊர்ந்து வரும் கார் எதற்கு வருகிறது என்று பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். சொல்லியிருக்கலாம். சொன்னால் திருத்திவிடுவான், அதுவும் வெற்றிபெறும், அவன் பெயர் இன்னும் ஏறும்.

"ஓம், நல்லாச் சரிவரும்" என்றேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு புறப்பட்டேன். அவன் கேட்டதைவிடவும் குரலைத் தாழ்த்தினேன், பெரிய மனிதர்களின் ஜனாஸாவுக்கு வைத்திருக்கும் குரல் அது. கடைக்காரர்கள் கதவுப் பலகையைப் பாதி சாத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு வேலியோரம் நின்றார்கள். யார் மௌத்து என்று காரைத் தட்டிக் கேட்டார்கள். நான் பதில் சொல்லாமல் அடுத்த தெருவுக்குத் திருப்பினேன். உள்ளுக்குள் அப்படியொரு சந்தோஷம். எங்கள் தெருவிலும் ஒரு தரம் சொன்னேன்.

முதலாளியின் கடைக்குத் திரும்பியபோது மௌத்து இல்லை, விற்பனை விளம்பரம்தான் என்று தெரிந்து சனம் கூடி நின்று ஏசிக்கொண்டிருந்தது. முதலாளி என் பக்கம் திரும்பினார். அவன் குறுக்கே வந்து நின்றான்.

"அவரில பிழை இல்ல. நான்தான் அப்பிடிச் சொல்லச் சொன்ன."

ஏச்சு முழுவதையும் அவனே வாங்கிக்கொண்டான். அடுத்த கிழமை கொழும்புக்கே திரும்பிப் போய்விட்டான்.

அறிவித்தல் சொன்ன அன்றைக்கு நான் வீட்டுக்குப் போனபோது வீடு திறந்து கிடந்தது. அடுப்பில் சோறு கரிந்து மணத்தது. மாமனார் இரண்டு நாளாக ஆஸ்பத்திரியில் இருந்தார், நெஞ்சுவலி. அந்த நினைப்பு எனக்கு அப்போதுதான் வந்தது. ஓடினேன். அவர் கட்டிலில் சாய்ந்திருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். என் பெண்சாதி அவர் காலடியில் நிலத்தில் இருந்தாள். செருப்பில்லாமல் ஓடி வந்ததில் உள்ளங்கால் கிழிந்திருந்தது.

"வேற ஆரும் சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டன்" என்றாள். "உங்கட குரல். பேர் வரக்குள்ள நிப்பாட்டிட்டீங்க. எங்கட வாப்பாட பேரச் சொல்ல ஏலாமத்தான் நிப்பாட்டினீங்கண்டு நினைச்சன்."

அவன் எழுதித் தந்ததைத்தான் வாசித்தேன், அது இப்படியாகும் என்று அவனுக்குத் தெரியவில்லை என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவர் கொழும்பில இருந்தவர், அவருக்குத் தெரியாது. நீங்க இஞ்சதானே இருந்தீங்க?"

மாமனார் கஞ்சிக் கோப்பையை நீட்டினார். வாங்கி வைத்தேன். அவள் பதிலுக்குக் காத்திருந்தாள்.