அம்மாவின் கண்ணுக்கு விட்ட இடம்

என் மேசை மேல் இருக்கும் தாளில் அம்மாவுக்கு நெற்றி இருக்கிறது, மூக்குத்தி இருக்கிறது, தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிறு வருடக்கணக்கில் இழுத்து உண்டாக்கிய உச்சந்தலைப் பள்ளம்கூட இருக்கிறது. கண்கள் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. தேவர்சோலை மழையில் தாளின் ஓரம் நமுத்துச் சுருள ஆரம்பித்துவிட்டது.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் எஸ்டேட் லயத்தின் வரிசை வீடுகளில் யாரிடமும் கேமரா கிடையாது. இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர்களிடம் இருந்த ஒரே படம் கடவுச்சீட்டில் ஒட்டியது. பாதிப் பேருடையதைப் பூஞ்சை தின்றுவிட்டது. யாராவது செத்துப்போனால், காரியத்தன்று மாலை போட ஒரு படம் வேண்டுமே. பள்ளிக்கூடத்தில் நன்றாக வரைகிறவள் என்று பெயர் வாங்கியிருந்த என்னைக் கூட்டிப்போவார்கள். பிணத்துக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து, தூக்குவதற்குள் வரைந்து முடிக்க வேண்டும். மூடிய கண்ணுக்கு மாலை போட யாருக்கும் மனம் வராது. "கண்ணத் தொறந்து வச்சுரு புள்ள" என்பார்கள். கண் எப்படி இருக்கும் என்று கேட்பேன். பெண்டாட்டி ஒன்று சொல்வாள், மகன் வேறு சொல்வான், அழுகை நின்று வாக்குவாதம் தொடங்கிவிடும். நான் ஏதோ ஒரு கண்ணைப் போட்டுவிட்டு வருவேன்.

நான் வரைந்தால் ஆள் உயிரோடு இருக்காது என்று பேராகிவிட்டது. உயிரோடு இருக்கிற ஒருவர்கூட என் முன்னால் உட்கார்ந்ததில்லை. அப்பாவையும் நான்தான் வரைந்தேன். அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த சாயங்காலம் அம்மா என் பென்சில்களை அடுப்பில் போட்டாள். "போதும். இந்தக் கை ஆபீசுல எழுதட்டும்" என்றாள்.

எழுதியது. பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் ஆள் எடுப்பதும் ஆளை வேலையை விட்டு அனுப்புவதும் என் பொறுப்பு. அனுப்பும் நாட்களில் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்காமலே பேசப் பழகிக்கொண்டேன். வரைகிறவளுக்கு அதைவிடக் கேடு எதுவுமில்லை. மகளின் பள்ளி சார்ட்டில் மயில் போட்டுக் கொடுத்ததுதான் இத்தனை காலத்தில் நான் வரைந்த ஓவியம். அவள் கல்லூரி விடுதிக்குப் போனதும் வேலையை விட்டுவிட்டு, இனி வரையப்போகிறேன் என்று தேவர்சோலைக்கு, அம்மா வீட்டுக்கே வந்தேன். கை மரத்துப் போயிருந்தது. கெட்டிலையும் தேயிலைச் செடியையும் வரைந்து தள்ளினேன். பக்கத்து வீட்டுப் பெண் தன் குழந்தையை இழுத்துப் பின்னால் வைத்துக்கொண்டு, "அக்கா, தப்பா நெனைக்காதீங்க, புள்ளைய மட்டும் வேணாங்க" என்றாள். ஊர் எதையும் மறக்கவில்லை.

அம்மாவின் வயிற்றில் கட்டி, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று குன்னூர் டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். நான் அவளிடம் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஒரு காலையில் அம்மா தலை சீவி, கல்யாண வீட்டுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வரை."

"என்னம்மா திடீர்னு?"

"நடிக்காத புள்ள. டாக்டர் சொன்னது ஒம் மொகத்துலயே ஒட்டியிருக்கு."

பென்சிலை எடுத்தேன். முதல் முறையாக உயிருள்ள முகம் என் எதிரே இருந்தது. அவள் தொண்டை ஏறி இறங்கியது, உதடு எதையோ முணுமுணுத்தது. சொல்லவே கூசுகிறது, அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். கண்ணுக்கு வந்தபோது கை நின்றது. படித்தவள்தான், இதையெல்லாம் நம்பாதவள்தான். ஆனாலும் கண்ணைப் போட்டால் படம் முடிந்துவிடும், படம் முடிந்தால் அம்மா இருக்கமாட்டாள். கன்னத்தை அழித்து அழித்துத் திரும்பப் போட்டேன்.

"கண்ண இப்பவே போட்டுரு. நான் மூடிக்கிட்டா யாரப் போயிக் கேப்பே?" என்றாள்.

"நாளைக்கும்மா."

ஒரு மத்தியானம், நான் கஞ்சி ஆற்றிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டாள்.

மாமா வந்து தாளைப் பார்த்தார். "கண்ணத் தொறந்து வச்சுரு தாயி" என்றார். பழையபடி பலகை போட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். தினமும் பார்த்த கண்தான். நினைவில் எதுவும் வரவில்லை, மூடிய இமைதான் தெரிந்தது. சுற்றி நின்றவர்களை நிமிர்ந்து பார்த்து, "அம்மா கண்ணு எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

ஒருத்தி பழுப்பு என்றாள், இன்னொருத்தி நல்ல கறுப்பு என்றாள். மாமா அவர்களைக் கையமர்த்தினார். "எதுக்குச் சண்ட? பேத்திக்கு அதே கண்ணுதான். அவளப் பாத்துப் போட்டுட்டுப் போ."

எல்லோரும் ஆமாம் என்றார்கள். விடுதியிலிருந்து வந்திருந்த என் மகள் பெங்களூரில் வளர்ந்தவள், அவளுக்கு எந்தப் பயமும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, அம்மா உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை என் பக்கம் திருப்பினாள். "வரைங்கம்மா."

அம்மாவின் கண்களேதான்.

"எந்திரி, அந்த நாற்காலிய விட்டு எந்திரி" என்று கத்தினேன்.

ஆதார் அட்டையிலிருந்து பெரிதாக்கிய படத்துக்குத்தான் மாலை போட்டோம். இந்தத் தாளில் அந்த இடம் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. மகள் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் இதைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.