பெண் பார்க்க வந்தவரோடு ஒரு கடவுள் விவாதம்

ஆம்பூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். குடியாத்தத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அத்தை என் பெருமைகளை அடுக்கிக்கொண்டே போய், “ரொம்ப பக்தி” என்றும் சேர்த்துவிட்டார்.

“எனக்கு சாமி நம்பிக்கை இல்லீங்க” என்றேன். அப்பா இருமினார்.

மாப்பிள்ளை ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். கோபப்படாமல், “ஒரு ஷூவே தானா உருவாவாது. இம்மாம் பெரிய உலகம் எப்டி உருவாவும்? செஞ்சவர் ஒருத்தர் இருக்கணும் இல்லீங்களா?” என்றார்.

“ஒரு ஷூவ ஒரே ஆளா செய்றாரு?”

“இல்ல. கட்டிங், ஸ்டிச்சிங், பினிஷிங்னு நூறு பேராவது இருப்பாங்க.”

“அப்போ சாமியும் நூறு பேரா?”

அவர் யோசிப்பதற்குள் அவருடைய அம்மா, “எங்க ஊட்டு பூஜை ரூம்லயே அதுக்கு மேல கீதேம்மா” என்றார். கூடமே சிரித்தது. ஆனாலும் அவர்கள் கிளம்பியதும், இந்த இடமும் போயிற்று என்று அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. “நூறு பேர் செஞ்சாலும் டிசைன் ஒண்ணுதாங்க.”

“டிசைன் போட்டவர யாரு செஞ்சாங்க?”

“நாளைக்கு சொல்றேன்” என்று வைத்துவிட்டார். அந்தப் பதில் வரவே இல்லை. தினமும் வேறொரு வாதத்தோடு போன்தான் வந்தது. முகூர்த்தத்துக்கு முதல் நாள்கூட, கெட்டவர்கள் ஏன் நன்றாக இருக்கிறார்கள் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

மகள் குறைமாதத்தில் பிறந்தாள். வேலூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவளை வைத்திருந்தார்கள். அவர் வராந்தாவில் கண்ணை மூடி உட்கார்ந்தே இருந்தார். எனக்கு வேண்டிக்கொள்ளத் தெரியவில்லை. நர்ஸைத்தான் கேள்விமேல் கேள்வி கேட்டேன். குழந்தை பிழைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும், “பாத்தியா” என்று ஆரம்பிப்பார் என எதிர்பார்த்தேன். கடைசியில் நானே கேட்டேன்: “ஏங்க, உங்க சாமி காப்பாத்துச்சுன்னு சொல்லலையே?”

குழந்தையின் துணியை மடித்துக்கொண்டே, “பக்கத்து பெட்டியில இருந்த கொழந்த போய்ட்ச்சு. அவங்களும்தான வேண்டிக்கினாங்க” என்றார்.

என் வாதத்தை அவரே சொல்லிவிட்டார். ஜெயித்த மாதிரி இல்லை. “டீ போடட்டுமா?” என்றேன்.

சாயங்காலம் வழக்கம்போல விளக்கு ஏற்றினார். மகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். நான் கும்பிடவில்லை; அவரும் கும்பிடச் சொல்லவில்லை.