பத்து கிளாஸ் சிஸ்டர்

“ஒரு நாளைக்குப் பத்து கிளாஸ் குடிப்பியாம்மா?” கேட்டபடியே சிஸ்டர் கர்ப்பிணியின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றுகிறார். கண் முழுக்க முள்ளின் மேல்.

“ஐயையோ, பத்தா! சனி ஞாயிறு மட்டும் ரெண்டு பியர், அவ்வளவுதான் சிஸ்டர்!”

“அப்படியா? சரி.” குறித்துக்கொள்கிறார். முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது.

இந்தக் கர்ப்பிணிகள் பிரிவில் அவருக்கு இருபத்தாறு வருடம். அடுத்த மேசையில் பதிவேடு எழுதுவது என் வேலை. “குடிப்பியான்னு கேட்டா எல்லாரும் இல்லம்பாங்க. பத்தான்னு கேட்டா, மானத்தைக் காப்பாத்திக்கவாவது ரெண்டுன்னு ஒத்துக்குவாங்க” என்பார். தன் பட்டப்பெயர் அவருக்குத் தெரியும். “நல்லவேளை, இருபதுன்னு வைக்கலையே!”

பேனாவை யாருக்கும் தரமாட்டார். கேட்டால், இழுப்பறையிலிருந்து எழுதாத பேனா ஒன்றைச் சிரித்த முகத்தோடு எடுத்துக் கொடுப்பார். கூட வருகிறவர்களைக் கிளப்பவும் ஒரு வழி வைத்திருக்கிறார். “சும்மாதானே நிக்கறீங்க, உங்க எடையையும் பார்த்துட்டு வந்துடுங்களேன்.” எடை இயந்திரம் நடைவழியின் கடைசியில் இருக்கிறது, எப்போதும் வரிசை. கணவர், மாமியார், யாரும் இதுவரை மறுத்ததில்லை.

ஆரம்பத்தில் அவர் வாய் இப்படி இல்லையாம். உண்மையைச் சொன்ன ஒரு பெண்ணிடம், “வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு இதென்ன கூத்து?” என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டார். அவள் பிறகு வரவேயில்லை. ஏழு வருடம் கழித்துக் குழந்தைகள் பிரிவில் அவளைப் பார்த்தார். பக்கத்தில் மகன். இன்று கற்றுக்கொண்ட எண்கள் நாளைக்கு அவனிடம் இருக்காது. சட்டைப் பொத்தான் போடுவது பாதியில் மறந்துவிடும். பள்ளியில் அவனுக்கு அடங்காப்பிடாரி என்று பெயர். “அவ குடிச்சது ஒரு பங்கு. நான் வாயை விட்டது ஒரு பங்கு” என்று என்னிடம் ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை ஐந்தாம் மாதக்காரி ஒருத்தி வந்தாள். எல்லாக் கேள்விக்கும் மாமியாரே பதில் சொன்னார். “எங்க வீட்டுப் பொண்ணா? மோந்து பார்த்ததுகூடக் கிடையாது!” அவரை எடை பார்க்க அனுப்பியாயிற்று. பட்டையைச் சுற்றியாயிற்று.

“பத்தா?”

வழக்கமான பதற்றம் வரவில்லை. முள் பூஜ்யத்துக்கு இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “நாலு” என்றாள். “தினமும். யாருக்கும் தெரியாது.”

சிஸ்டர் எழுதினார்.

“புள்ளையக் கெடுத்துட்டேனா சிஸ்டர்?”

“தெரியாதும்மா. பொய் சொல்லமாட்டேன்.” பட்டையைக் கழற்றினார். “நீ குடிக்கறது தொப்புள்கொடி வழியா அதுக்கும் போகுது. அதுக்கு மூளை இப்பத்தான் உருவாகிட்டிருக்கு. அதுல ஒவ்வொரு செல்லும் தன் இடத்தைத் தேடிப் போகணும், போதையில வழி தவறிடும். ஆனா இன்னும் நாலஞ்சு மாசம் பாக்கி இருக்கு. பிறக்கற வரைக்கும் மூளை வளர்ந்துக்கிட்டேதான் இருக்கும். இன்னிக்கு நிறுத்தினாலும் இன்னிலேர்ந்து லாபம்.”

“முடியுமா என்னால?”

“தினமும் பழகின உடம்பு, தனியா நிறுத்தறது ஆபத்து. டாக்டர் மருந்தோட நிறுத்துவார். உள்ள நானும் கூட வர்றேன். எனக்கும் அந்த ரூம்ல ஏசி கிடைக்கும்.”

அழுதுகொண்டிருந்தவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்துவிட்டாள்.

அப்போதுதான் மாமியார் வந்து சேர்ந்தார். “உங்க மெஷின் சுத்தப் பொய். மூணு கிலோ கூடக் காட்டுது!” மருமகளின் ஈரக் கண்ணைப் பார்த்ததும் அவர் குரல் மாறியது. “என்ன ஆச்சு? இவ்வளவு நேரம் என்ன எழுதுனீங்க?” கழுத்தை நீட்டி மேசைமேல் குனிந்தார்.

“உட்காருங்கம்மா” என்று சிஸ்டர் ஒரு கையால் நாற்காலியை இழுத்துப் போட்டார். மறு கையை விரித்து, மை காயாத அந்த வரியின் மேல் வைத்துக்கொண்டார்.